முகம் பார்த்தவள்

"தாயே, என்னை மன்னிக்க யாரால் முடியும்?"

கேட்டவன் வேழன். நரைத்த தாடியும் அகன்ற தோள்களுமாக, கணவாய்ச் சுனைக்கரையில் கைகட்டி நின்றான்.

கேட்கப்பட்டவள் வெண்ணி. வயதில் அவனைவிட மிகவும் இளையவள். சுனையை ஒட்டிய குடிசையில் தனியாக இருந்தாள். மனசில் பாரத்தோடு வருகிறவர்கள் அவளிடம் பேசிவிட்டுப் போவார்கள். சிலர் அவளைத் திட்டிவிட்டும் போவார்கள்.

அவள் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"இதுவரை யார் யாரிடம் கேட்டுப் பார்த்தீர்கள்?"

"மலைத் தெய்வத்திடம் கேட்டேன். கடல் தெய்வத்திடம் கேட்டேன். ஆறுகள் கூடும் துறைகளில் மூழ்கி எழுந்தேன். பெரிய பெரிய துறவிகளின் காலில் விழுந்தேன்."

"அவர்களில் யாரை நீங்கள் வெட்டினீர்கள்?"

வேழன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒருவரையும் இல்லை."

"பிறகு ஏன் அவர்களிடம் போய்க் கேட்டீர்கள்?"



வட நாடுகளில் வேழன் என்ற பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. இரும்புமுகத்தான் என்றால் எல்லோருக்கும் தெரியும். கறுப்புக் குதிரைப் படையின் தலைவன். புலி முகம் போல அடித்த இரும்பு முகமூடி இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. அவனுக்கு முகமே கிடையாது, கழுத்துக்கு மேலே வெறும் இரும்புதான் என்று அவனுடைய வீரர்களே நம்பினார்கள்.

வேழன் அந்த நம்பிக்கையைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தான்.

எதிரி ஒரு மனிதன் என்று தெரிந்தால், பயந்தவன்கூட ஒருநாள் எதிர்த்து நிற்பான். மனிதனே இல்லாத ஒன்றை எதிர்த்து யார் நிற்பார்கள்? அவன் வருகிறான் என்ற செய்திக்கே கோட்டைகள் திறந்தன. திறக்காத ஊர்களை எரித்தான்.

பிறகு ஒருநாள், யாரிடமும் சொல்லாமல், முகமூடியை ஒரு துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு தெற்கே நடக்க ஆரம்பித்தான். வழியில் எவனும் அவனை நிறுத்தவில்லை. அந்த முகம் யாருக்கும் தெரியாதே. இவ்வளவையும் வெண்ணியிடம் சொல்லிவிட்டுத்தான் மன்னிப்பைப் பற்றிக் கேட்டிருந்தான்.

"நீங்களும் என் படையால் யாரையாவது இழந்தவரா?" என்று கேட்டான்.

"இல்லை. நான் கடற்கரைக்காரி. உங்கள் குதிரைகளுக்கு எங்கள் ஊர் மணல் பிடிக்கவில்லை போலிருக்கிறது."

"அப்படியானால் உங்களுக்கு என்மேல் கோபம் இருக்காது. நீங்களே என்னை மன்னிக்கலாமே."

"கோபமே இல்லாதவள் மன்னித்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது?"

வேழன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். பிறகு சொன்னான்.

"ஒரு சிறுமி என்னோடு நடந்து வருகிறாள், தாயே."

வெண்ணியின் கை முதல் முறையாக நின்றது.

"எங்கே?"

"என் இடப்பக்கம். நடந்தால் நடக்கிறாள். நின்றால் நிற்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. திட்டினால்கூடத் தேவலை."

வெண்ணி அவனுடைய இடப்பக்கம் பார்த்தாள்.

"எனக்கு யாரும் தெரியவில்லை."

"யாருக்கும் தெரிவதில்லை."

அவள் சற்று நகர்ந்துகொண்டு, பாயில் இரண்டு பேர் உட்கார இடம் விட்டாள்.

"உட்காருங்கள்."

வேழன் உட்கார்ந்தான். இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டே உட்கார்ந்தான்.

"எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறீர்கள். ஏன் இவள் மட்டும் வருகிறாள்?"

"மற்றவர்களைப் படை கொன்றது. இவளைக் கொன்றது என் கை."

"உங்கள் கை வேறு யாரையும் கொன்றதே இல்லையா?"

"கொன்றிருக்கிறது." அவன் குரல் இறங்கியது. "நொச்சிவாயில் என்று ஓர் ஊர். அதை எரித்த அன்றைக்கு, இவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்."

 வெண்ணி கயிற்றுக்கான நார் ஒன்றை எடுத்து நீரில் நனைத்தாள்.

"பெயர் என்ன?"

"வேழன்."

"உங்கள் பெயரைக் கேட்கவில்லை."

அவன் தன் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"தெரியாது, தாயே."

"பெயர்கூடத் தெரியாமலா இத்தனை காலம் கூடவே நடக்கிறீர்கள்? போய்த் தெரிந்துகொண்டு வாருங்கள்."

"நொச்சிவாயிலுக்கா?"

"வேறு எங்கே தெரியும்?"

"என்னைக் கொன்றுவிடுவார்கள்."

"கொல்லலாம்."

வேழன் கொஞ்சம் யோசித்தான்.

"அவர்களுக்கு என் முகம் தெரியாது. வழிப்போக்கன் போலப் போய், பக்குவமாக விசாரித்துவிட்டு வருகிறேன்."

"அப்படியென்றால் முகமூடியையும் எடுத்துக்கொண்டு போங்கள்," என்றாள் வெண்ணி.

அந்தச் சொல் அவனைச் சுட்டது. மூட்டையை அவிழ்த்து, முகமூடியை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

வெண்ணி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க ஆகுமா என்று, மல்லாத்திப் பிடித்துச் சுனைநீரை மொண்டு ஊற்றினாள். இரண்டு கண் ஓட்டைகள் வழியாகவும் நீர் ஒழுகிப் போயிற்று.

"இதற்கும் உதவவில்லை," என்று சொல்லி விறகுக் குவியலின் மேல் போட்டாள்.

*

நொச்சிவாயில் திரும்பவும் ஊராகியிருந்தது.

தப்பிப் போனவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்திருந்தார்கள். கரி பிடித்த சுவர்களின் மேலேயே புதுக் கூரை போட்டிருந்தார்கள். சந்தை கூடியிருந்தது. வேழன் சந்தையின் நடுவில் போய் நின்றான்.

"நான்தான் இரும்புமுகத்தான்," என்றான்.

கிழங்கு விற்றுக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"சரி தாத்தா. சாப்பிட்டாயா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பாவம், வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று ஒருவன் சொன்னான். அவள் ஒரு வெந்த கிழங்கை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை.

"உங்கள் வடக்கு வாசலை உள்ளேயிருந்து திறந்துவிட்டது தானியக் காவலன். ஒரு குதிரை தருவதாகச் சொல்லியிருந்தேன். கொடுத்தேன். அவன் ஏறி உட்காரும் முன்னே அவனையும் வெட்டினேன்."

சிரிப்பு நின்றது.

கதவு எப்படித் திறந்தது என்று அந்த ஊர் இத்தனை வருஷமாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் கல் அவன் நெற்றியில் பட்டது. இரண்டாவது கல் வாயில். அவன் கையை உயர்த்தவில்லை. யாரோ அரிவாளை எடுக்க ஓடினார்கள்.

"பொறுங்கள்!"

ஊர்த்தலைவி செம்பாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். உயரமானவள். ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள். வேழனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"கொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு இவனிடம் ஒன்று கேட்க வேண்டும்."

கூட்டம் அடங்கியது.

"என் தம்பி வடக்கு வாசலில் நின்றான். கையில் மூங்கில் ஈட்டி. கன்னத்தில் மச்சம். அவனைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"என்ன செய்தான்?"

வேழன் சுற்றிலும் பார்த்தான். வடக்கு வாசலுக்குப் பக்கத்தில், ஈட்டியோடு நிற்கும் இளைஞனைச் செதுக்கிய ஒரு நடுகல் நின்றது. அதன் கழுத்தில் அன்றைக்குப் போட்ட மாலை இருந்தது.

"ஈட்டியைக் கீழே போட்டான். மண்டியிட்டு என்னைக் கும்பிட்டான். அக்கா தனியாக இருப்பாள், என்னை விட்டுவிடுங்கள் என்றான்."

யாரோ தூ என்று துப்பினார்கள். பொய் சொல்கிறான், வெட்டுங்கள் அவனை, என்று ஒரு குரல் கத்தியது.

செம்பாயி அசையவில்லை.

"அக்கா என்றா சொன்னான்?"

"ஆமாம்."

அவள் நடுகல்லைத் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சின்னப் பையன்," என்றாள் மெதுவாக. "மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவனைக் கல்லாக்கி நிறுத்திவைத்திருக்கிறோம்."

பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"வேறு யாருக்காவது கேட்க வேண்டுமா?"

முதலில் யாரும் வரவில்லை. பிறகு கிழங்கு விற்றவள் எழுந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கொல்லன். அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர்.

என் அப்பா எந்தத் தெருவில் விழுந்தார்? என் கணவன் கடைசியாகத் தண்ணீர் கேட்டானா? எங்கள் வீட்டில் நெருப்பு வைத்தபோது உள்ளே சத்தம் கேட்டதா?

வேழனுக்கு எல்லாம் நினைவிருந்தது. அவ்வளவு நினைவிருக்கிறது என்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது. தெரிந்ததைச் சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றான். சிலர் அவன் மேல் துப்பிவிட்டுப் போனார்கள். ஒருத்தி அவன் மார்பில் கை ஓயும்வரை குத்திவிட்டு, கடைசியில் அந்த மார்பிலேயே தலை சாய்த்து அழுதாள். யார் மேல் சாய்ந்திருக்கிறோம் என்று நினைவு வந்ததும் துள்ளி விலகினாள்.

பொழுது சாயும் நேரத்தில் செம்பாயி கேட்டாள்:

"சாவதற்காகத்தான் வந்தாயா?"

"இல்லை. ஒரு பெயர் கேட்க வந்தேன்."

"யாருடைய பெயர்?"

"மேற்குக் கிணற்றடியில் ஒரு சிறுமி. முன் பல் ஒன்று விழுந்திருந்தது. ஒரு காதில் மட்டும் தோடு. கையில் ஆட்டுக்குட்டி. அவளை நான் கொன்றேன்."

கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"அது என் மகள் இல்லை!"

கூட்டத்தின் ஓரத்திலிருந்து வந்தது குரல். மெலிந்த மனிதன். தோளில் ஆட்டுக்காரனின் நீளக் கோல். பெயர் ஆதன்.

"என் மகள் அன்றைக்கே ஆற்றைத் தாண்டிப் போய்விட்டாள். அக்கரையில் எங்கேயோ நன்றாக இருக்கிறாள்."

"சரி, ஆதா," என்றாள் செம்பாயி. அவ்வளவு மென்மையாக அவள் அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

அரிவாள் எடுக்கப் போனவன் அரிவாளோடு காத்திருந்தான். செம்பாயி அவனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"கரும்பாறைக்குப் பிழைக்கப் போனவர்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்கும் கேட்க வேண்டியது இருக்கும். அவர்கள் வந்துபோகட்டும்."

ஆகவே அன்று அவனைக் கொல்லவில்லை. கரும்பாறைக்காரர்கள் வந்து போன பிறகு வேறு ஊர்களிலிருந்து வந்தார்கள். கேள்விகள் முடிகிற பாடாக இல்லை.

படுக்க அவனுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டபோது ஆதன்தான் வந்தான்.

"என் ஆட்டுப்பட்டியில் ஒரு மூலை காலியாக இருக்கிறது," என்றான். அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

*

மழைக்காலம் முடிந்ததும், செம்பாயியிடம் சொல்லிவிட்டு, வேழன் கணவாய்க்கு ஏறிப் போனான்.

வெண்ணி அவனைக் கண்டதும் நகர்ந்து, பாயில் இரண்டு பேருக்கு இடம் விட்டாள்.

"இன்னும் வருகிறாளா?"

"வருகிறாள்."

"பெயர்?"

"கிடைக்கவில்லை, தாயே. ஊர் முழுக்க விசாரித்தேன். அவள் தன் பெண் என்று யாரும் சொல்லவில்லை."

"தன் பெண் இல்லை என்று யாராவது சொன்னார்களா?"

"ஒருவன் சொன்னான். ஆட்டுக்காரன்."

"அவனிடம் கேட்டீர்களா?"

"இல்லை. பொதுவாகத்தான் கேட்டேன்."

"மற்றவர்கள்?"

"சும்மா இருந்தார்கள்."

வெண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேழனின் முகம் மெல்ல மெல்ல வெளிறியது. எழுந்துவிட்டான்.

"அவன் மகள்தான்! அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இப்போதே போய்க் கேட்கிறேன். எப்படியாவது பெயரை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்."

"உட்காருங்கள்."

அவன் உட்கார்ந்தான்.

"எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறீர்கள், இவ்வளவு வேகமாக?"

வேழன் தலை குனிந்தான்.

 வெண்ணி மடியிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தாள்.

"தப்பு என்மேல்," என்றாள். "இழந்தவனிடமிருந்து இன்னொன்றை வாங்கி வரச் சொல்லி உங்களை அனுப்பிவிட்டேன்."

தன்னிடம் யாரும் அப்படிச் சொல்லி வேழன் கேட்டதில்லை. அவனும் தன் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை. தப்பு என்மேல். எவ்வளவு சின்ன வாக்கியம். அவள் அதைச் சொல்லிவிட்டு, ஒன்றும் ஆகாதது போல மூக்கைச் சொறிந்துகொண்டாள்.

"இப்போது நான் என்ன செய்ய, தாயே?"

"அங்கே எங்கே படுத்துக்கொள்கிறீர்கள்?"

"ஆட்டுப்பட்டியில், ஒரு மூலையில்."

"யாருடைய பட்டி?"

"அந்த ஆதனுடையது. அவன்தான் கூப்பிட்டு இடம் கொடுத்தான்."

"ஏன் கொடுத்தான்?"

"தெரியவில்லை."

"எனக்கும் தெரியவில்லை," என்றாள் வெண்ணி. "அங்கேயே போய் இருங்கள்."

"இருந்து?"

அவள் எழுந்து கோழிகளை அடைக்கப் போய்விட்டாள்.

*

வேழன் பட்டிக்கே திரும்பினான்.

ஆதனிடம் அவன் எதுவும் கேட்கவில்லை. சாணம் அள்ளினான். தழை வெட்டிப் போட்டான். கேள்வி கேட்க வருகிறவர்களுக்கு வேலியோரம் உட்கார்ந்து பதில் சொன்னான்.

ஆதன் தினமும் ஆடுகளை அடைத்துவிட்டு, பட்டிக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் ஒரு கல்லின் மேல் உட்காருவான். எதுவும் பேச மாட்டான். இருட்டும் முன் எழுந்து போய்விடுவான். ஊருக்குள் அவன் வீடு இல்லை. மேற்கே ஆற்றுத்துறையில், தோணிக்காரர்கள் கரையேறும் இடத்தில், அவனும் அவன் மனைவியும் தனியாக இருந்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் போகாதே என்று செம்பாயி வேழனிடம் சொல்லியிருந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

நாட்கள் போகப் போக ஆதன் கொஞ்சம் கிட்டத்தில் உட்கார்ந்தான். கல்லிலிருந்து வேலிக்கு வந்தான். வேலியிலிருந்து பட்டிக்குள் வந்தான். அப்போதும் பேசவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் ஓர் ஆடு குட்டி போட முடியாமல் கதறியது.

ஆதன் ஓடி வந்தான்.

"பிடி! தலையை அழுத்திப் பிடி!"

வேழன் ஆட்டின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டான். ஆதன் முழங்கை வரை எண்ணெய் தடவி, கையை உள்ளே விட்டுக் குட்டியைத் திருப்பினான். வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் குட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூச்சு இல்லை. வேழன் வைக்கோலால் அதன் வாயைத் துடைத்து, மூக்கில் ஊதினான். குட்டி தும்மியது.

இரண்டு பேரும் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஆதனின் கையில் ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது.

குட்டி எழுந்து நிற்கப் பார்த்தது. விழுந்தது. மறுபடியும் எழுந்தது.

"பயந்தாளா?" என்று கேட்டான் ஆதன்.

யார் என்று வேழன் கேட்கவில்லை.

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அது நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அந்த ஊரில் அவன் இதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடலாம் போல இருந்தது. ஆதனுக்காகவா, தனக்காகவா என்று அவனுக்கே தெரியவில்லை.

"முதலில் பயப்படவில்லை," என்றான்.

ஆதன் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெருப்பு இன்னும் மேற்குப் பக்கம் வரவில்லை. கிணற்றடியில் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தேன். ஆட்டுக்குட்டி ஒன்று ஓடி வந்தது. பின்னாலேயே அவள் வந்தாள். யாரோ ஊர்க்காரன் என்று நினைத்துக்கொண்டாள் போல. 'மாமா, அதைக் கொஞ்சம் பிடியுங்கள்' என்றாள்."

"பிடித்தாயா?"

"பிடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்."

"பிறகு?"

வேழன் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டான். இதை அவன் வெண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

"பிறகுதான் என் முகத்தில் முகமூடி இல்லை என்பது உறைத்தது. எடுத்து மாட்டிக்கொண்டேன். அப்போது பயந்தாள்."

ஆடு குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

"ரொம்ப நேரமா?"

"இல்லை. ரொம்ப நேரம் இல்லை."

"குட்டியை விட்டுவிட்டாளா?"

"விடவில்லை. அணைத்தபடியேதான் இருந்தாள்."

"விட மாட்டாள்," என்றான் ஆதன். "அவள் விட மாட்டாள்."

அதற்குமேல் அவனால் உட்கார முடியவில்லை. பக்கவாட்டில் சரிந்து, வைக்கோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் அழுவதை வேழன் பார்க்கவில்லை. பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

வெயில் பட்டிக்குள் வந்தபோது ஆதன் எழுந்து உட்கார்ந்தான்.

"எல்லோரும் என்னிடம் என்னென்னவோ சொன்னார்கள். தூங்கும்போதே போயிருப்பாள் என்று ஒருவன். புகையில் மயங்கியிருப்பாள், ஒன்றும் தெரிந்திருக்காது என்று ஒருத்தி. நான் என் பெண்டாட்டியிடம், ஆற்றைத் தாண்டிப் போய்விட்டாள் என்று சொல்லிவைத்தேன். சொல்லிச் சொல்லி நானும் பாதி நம்பிவிட்டேன்."

வேழன் குட்டியைத் தாயின் மடிப்பக்கம் நகர்த்தினான்.

"அவள் முழுக்க நம்பிவிட்டாள். ஒவ்வொரு அறுப்புக்கும் மகளுக்கு ஒரு பாவாடை தைக்கிறாள். போன தடவையைவிட நாலு விரல் நீளமாக. துறையில் தோணி வந்தால் எழுந்து ஓடுகிறாள்."

அவன் கையிலிருந்த காய்ந்த ரத்தத்தைச் சுரண்டினான்.

"எழுந்திரு," என்றான்.

"எங்கே?"

"என் வீட்டுக்கு. நீ சொல்."

"நானா?"

"நான் பல தடவை வாயைத் திறந்து பார்த்துவிட்டேன். வரவில்லை."

ஆதன் கோலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

வேழன் எத்தனையோ கோட்டைகளை நோக்கி நடந்திருக்கிறான். ஒரு வீட்டை நோக்கி நடக்க இவ்வளவு பயந்ததில்லை. திரும்பி ஓடினால் ஆதன் துரத்தி வர மாட்டான். யாருமே வர மாட்டார்கள். அது அவனுக்குத் தெரிந்திருந்தது. நடந்தான்.

ஆற்றுத்துறையில் சின்ன வீடு. வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, வருவது யார் என்று பார்த்தாள். கணவனுக்குப் பின்னால் ஒரு புது முகம்.

சட்டென்று எழுந்தாள். மடியிலிருந்த துணி கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"ஐயா, தூரத்திலிருந்து வருகிறீர்களா? வழியில் எங்கேயாவது என் மகளைப் பார்த்தீர்களா?"

ஆதன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

வெயிலுக்காகத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை வேழன் அவிழ்த்தான். அவள் நன்றாகப் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்தினான்.

"பார்த்தேன், அம்மா," என்றான். "முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன்."